இடப்பக்க ஒலிவாங்கிகள்

காலை எட்டரைக்கு அவை காலி.
பிளாஸ் தாம் பனைகளுக்கு நடுவே
பேருந்துகள் இரைவது மட்டும் கேட்கும்.
ஒவ்வோர் இருக்கையாகக் குனிந்து
ஒலிவாங்கியைத் தட்டி, வாயருகே வளைத்து
எண்ணுகிறேன்: என், தே, த்ருவா.
பதினாறு வருடமாக இதற்குத்தான் சம்பளம்,
பேசப்போகிறவர்களுக்கு முன்னால்
மூன்று எண் பேசிவைப்பதற்கு.

இந்த முறை வலப்பக்கம் கொள்ளவில்லை.
தச்சர் வந்து தூணை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டார்.
அதிலும் மீந்தவர்கள்
இடப்பக்கத்துக்கே வந்து உட்கார்ந்தார்கள்,
எதிர்க்கட்சி மெத்தையில் ஆளுங்கட்சி.
சூடு ஒன்றுதானே.

அறுபதுக்கு அறுபது.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
மூன்று பேருக்குக் குறி போடலாம்,
மூன்றையும் ஒரே பக்கம் போட்டவள் நான்.
பழையவர்கள் அப்படித் தின்றிருந்தார்கள்.
முடிவு வந்த இரவு ரோஸ் ஹில் நெடுஞ்சாலையில்
பேட்டரி சாகும்வரை ஹாரன் அடித்த
நீல நிற நிஸான் என்னுடையது.

எங்கள் சட்டத்துக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு:
தோற்றவர்களில் நன்றாகத் தோற்றவருக்கு ஓர் இடம்.
அப்படி இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.
ஒருவர் முழங்கால் அறுவைக்குப் போய்
இன்னும் திரும்பவில்லை.
மற்றவர் கிளோவிஸ் லாவெர்தீர். மெலிந்த குரல்,
தாளைப் புரட்டும் சத்தத்தில் அவரே மூழ்கிவிடுவார்.

தைப்பூசத்தன்று மலையடியில்
அத்தானின் காவடிக்குப் பால்சொம்பு கட்டினோம்.
இரண்டு முனையையும் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.
ஒரு பக்கம் கனத்தால்
பாதிப் படியில் தோள் சொல்லிவிடும் என்றான்.
அருகில் மாலையோடு நின்ற அமைச்சர்
"மிக உண்மை, மிக உண்மை" என்று
கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த செவ்வாய் வந்தது மசோதா:
அரசின் கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளரை
இனி அரசே அமர்த்தும், அரசே அகற்றும்.
முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு.
என் தேநீர் ஆறவில்லை.
கிளோவிஸ் எழுந்தார்.
பலகையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"திருடனையும் சாவியையும்
ஒரே சட்டைப்பையில்..." என்று தொடங்கினார்.
சிரிப்பு. மேசைத் தட்டல். யாரோ ஆடு போலக் கத்தினார்.
சுருக்கெழுத்து மேசையில் ரொக்கேயா
"குறுக்கீடு" என்று எழுதினாள்,
மறுபடி "குறுக்கீடு",
பிறகு பேனாவை வைத்துவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னைப் பார்த்தாள்.

விரல் தானாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன்.
யோசித்துத்தான் செய்தேன்.
அவர் குரலை மூன்று கோடு ஏற்றினேன்.
அந்த ஒற்றைக் குரல்
கூரை விசிறிவரை போய்
அறுபது தலைமேலும் இறங்கியது.
ஒரு நிமிடம், அதற்குமேல் இருக்காது.

கொறடாவிடமிருந்து சீட்டு வந்தது:
இடப்பக்கம் இரைச்சல் அதிகம்.
ஒரே ஓர் ஆள், இரைச்சல்!
இறக்கினேன்.
எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.
பதிவேட்டில் எழுதினேன்: கருவிக் கோளாறு, சரிசெய்யப்பட்டது.
மூன்றாம் வாசிப்பு. ஆம் என்போர். இல்லை என்போர்.
அந்த "இல்லை"
தொண்டையைச் செருமியது போல இருந்தது.
நாடாவில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

இன்று காலை மறுபடி குனிந்து எண்ணினேன்.
எங்கள் கிரியோலில் ஒன்றுக்கு என் என்று பெயர்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
என் என்றால் என்னுடையது.
இருக்கைக்கு இருக்கை சொல்லிக்கொண்டே போனேன்,
என், என், என்.
வாய் கசந்தது.

கிளோவிஸின் ஒலிவாங்கிக்கு வந்ததும்
தூசியை முந்தானையால் துடைத்தேன்.
அதற்கு மட்டும்
தே-யிலிருந்து தொடங்கினேன்.